சைனிக் பள்ளியில் பிள்ளை பின்தங்கினால்: பெற்றோருக்கும் ஹவுஸ் மாஸ்டருக்கும் முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பையன். நுழைவுத் தேர்வில் கணக்கில் 150க்கு 132 எடுத்து வந்தவன், முதல் யூனிட் டெஸ்டில் 20க்கு 4. சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து படிக்கும் ப்ரெப் நேரத்தில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதே கேள்வித்தாளில் அவன் தொடாமல் விட்ட ஒரு கணக்கைத் தமிழில் சொன்னேன். "செவ்வகமா ஒரு வயல். நீளம் 40 மீட்டர், அகலம் 25 மீட்டர். சுத்தி மூணு வரிசை கம்பிவேலி போடணும். எவ்வளவு கம்பி வேணும்?"

பேனாவைக்கூட எடுக்கவில்லை. "390 மீட்டர் சார்."

"அப்புறம் ஏன்டா விட்டே?"

"ஃபென்ஸ்னா என்னன்னு தெரியல சார்."

அவன் அப்பாவுக்கு தர்மபுரிப் பக்கம் மூன்று ஏக்கர் நிலம். வேலி போடும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவன்தான். ஆனால் அதற்குள் ஆசிரியர் அறையில் அவனுக்கு 'கோச்சிங் சென்டர் தயாரிப்பு, உள்ளே ஒன்றும் இல்லை' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

ராணுவப் பயிற்சிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் உறைவிடப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராகவும், 'ஹவுஸ்' என்னும் விடுதிக் குழு ஒன்றுக்குப் பொறுப்பான ஹவுஸ் மாஸ்டராகவும் இருந்தேன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இருந்த வருடங்களில் நான் கண்டது இதுதான்: பின்தங்கும் பிள்ளை எல்லாவற்றிலும் பின்தங்குவதில்லை. ஏதோ ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அது மற்றதையெல்லாம் சேர்த்துக் கீழே இழுக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் வைக்கும் ட்யூஷன், கொடுக்கும் தண்டனை, சொல்லும் புத்திமதி எதுவும் ஏறாது.

தொடங்கும் முன்: பள்ளி எப்படிப்பட்டது

1961இல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் காலத்தில் தொடங்கிய திட்டம்தான் சைனிக் பள்ளிகள். மறு வருடமே, 1962இல், உடுமலைப்பேட்டை பக்கத்தில் அமராவதி அணையை ஒட்டி அமராவதிநகர் சைனிக் பள்ளி வந்தது. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், ஆங்கில வழி. கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு, அதாவது என்.டி.ஏ.வுக்கு, ஆள் தயார் செய்வதுதான் நோக்கம்.

ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மொத்தம் 125 கேள்வி, 300 மதிப்பெண், அதில் பாதி கணக்குக்கு. எல்லாமே வட்டத்தைக் கறுப்பாக்கும் கேள்விகள், தப்பானால் மைனஸும் கிடையாது. உள்ளே போன மறுநாளிலிருந்து எல்லாம் ஆங்கிலம், எல்லாம் விரித்து எழுதும் பதில். தமிழ் வழிப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு வாசலைத் திறந்துவிட்டு, உள்ளே போனதும் மாடிப்படியை எடுத்துவிட்ட மாதிரி. ஒன்பதாம் வகுப்பில் சேர்பவர்களுக்குத் தேர்வே ஆங்கிலத்தில்தான், அதனால் அவர்கள் சிக்கல் வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் படி: விடைத்தாளை மார்க் பார்க்காமல் பாருங்கள்

பெற்றோர் சந்திப்புக்குப் போனால் முதலில் ரேங்க் கார்டை ஓரம் வைத்துவிட்டு, திருத்திய விடைத்தாள்களைக் கேளுங்கள். ஹவுஸ் மாஸ்டராக இருந்தால் நான்கு பாடத்தின் தாள்களை ஒன்றாக மேஜையில் பரப்புங்கள். தாள் நிறைய சொல்லும்.

கேள்வியையே தொடாமல் வெற்றாக விட்டிருந்தால் பெரும்பாலும் மொழிதான். கேள்வி புரியவில்லை, அவ்வளவே. தொடங்கிப் பாதியில் தடம் மாறியிருந்தால் அடிப்படை ஓட்டை: பின்னம், தசமம், நீள வகுத்தல் இந்த மூன்றில் ஒன்று. விடை சரி, ஆனால் செய்முறை ஒரு வரிகூட இல்லை என்றால் அது வட்டம் நிரப்பிய பழக்கம். முதல் பக்கங்கள் நன்றாக இருந்து கடைசி இரண்டு பக்கம் காலி என்றால் எழுதும் வேகம். 'b'யும் 'd'யும் மாறுவது, கரும்பலகையில் இருப்பதையே தப்பாக எடுத்து எழுதியிருப்பது கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். அது கண்ணாகவும் இருக்கலாம், டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். கண்ணாடிக் கடையில் ஐந்து நிமிடப் பரிசோதனை போதாது, கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் சரியாக இருந்தால் அடுத்தது குழந்தை மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனை.

இங்கே பெற்றோர் ஒரு பயம் சொல்வார்கள். "சர்டிஃபிகேட் வாங்கினா நாளைக்கு ஆர்மியில எடுக்க மாட்டாங்களே சார்." பதினொரு வயதுப் பிள்ளைக்கு இன்று வாசிக்க வரவில்லை. நாளைய மெடிக்கல் போர்டை நினைத்து இன்றைய உதவியை மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள்.

இரண்டாம் படி: மொழிக்கு ஆறு வாரம்

தமிழ் வழியில் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முட்டுவது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இலக்கணப் புத்தகத்தை மூடி வையுங்கள். பையனுக்கு முதலில் வேண்டியது ஆங்கிலம் அல்ல, கேள்வித்தாளின் ஆங்கிலம். ஃபைண்ட், ஷோ தட், ஜஸ்டிஃபை, கம்பேர், ஸ்டேட், டிஃபரென்ஷியேட். கேள்வி என்ன செய்யச் சொல்கிறது என்று காட்டும் சொற்கள் முப்பதைத் தாண்டாது. அவற்றை முதல் வாரத்தில் முடித்துவிடலாம். நான் செய்தது: ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பழைய கேள்வி, பக்கத்தில் தமிழில் 'என்ன செய்யணும்' என்று ஒரே வரி. 'ஜஸ்டிஃபை = ஏன்னு காரணம் சொல்லு, சும்மா விடையை மட்டும் எழுதாதே.' பையனே அவன் தமிழில் எழுத வேண்டும். ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு நோட்ஸ் ஆகிவிடும்.

இரண்டாம் வாரத்திலிருந்து பாடச் சொற்கள், நாளுக்கு எட்டு. சட்டைப் பையில் வைக்கிற மாதிரி சின்ன நோட்டு. மெஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும் நேரம் இதற்குப் போதும். 'பெரிமீட்டர்' என்று எழுதி 'சுற்றளவு' என்று மட்டும் போடாமல், ஒரு சின்னப் படம் போடச் சொல்லுங்கள். எட்டில் ஐந்து நின்றால் போதும். விடுபட்ட மூன்றும் மறுநாள் எட்டில் சேர்ந்துவிடும்.

மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் கால் மணி நேரம் வாய்விட்டு வாசிப்பது. இதை வகுப்பில் எல்லோர் முன்னும் வைக்காதீர்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும் நாற்பது பேர் முன்னால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. ப்ரெப் தொடங்கும் முன் ஒரு மூலையில், இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவன் வாசிக்க, மற்றவன் விரலை வைத்துத் தொடர்வான். சீனியர் ஒருவனைத் துணைக்குப் போடுவது நல்ல யோசனைதான். ஆனால் அந்த சீனியரின் ஷூவைப் பையன் பாலிஷ் போடத் தொடங்கிவிட்டானா என்று வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வாரத்துக்குப் பிறகு, பழைய யூனிட் டெஸ்ட் தாளையே மறுபடி எழுதச் சொல்லுங்கள். மார்க் எங்கும் ஏறாது, அது அவனுக்கும் உங்களுக்கும் மட்டும். அந்தக் கம்பிவேலிப் பையன் அப்படி எழுதியபோது 20க்கு 13. அவன் கணக்கைப் புதிதாக எதுவும் கற்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஃபோனில் ஆங்கிலத்தில் பேசிப் பழக்க முயலாதீர்கள். வாரம் முழுவதும் அந்நிய மொழியில் மூச்சு முட்டிக் கிடந்த பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம்தான் காற்று.

மூன்றாம் படி: வட்டத்திலிருந்து வரிக்கு

இது சின்ன வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. நுழைவுத் தேர்வுக்காக ஒரு வருடம், சில பிள்ளைகள் இரண்டு வருடம், விடையைச் சட்டென்று கண்டுபிடிக்கப் பழகியிருக்கிறார்கள். கோச்சிங்கில் செய்முறை எழுதினால் 'நேரம் வீணாக்காதே' என்று திட்டு. இங்கே செய்முறைக்குத்தான் மதிப்பெண். தினமும் இரண்டே கணக்கு, ஒவ்வொரு வரியும் எழுதி, இறுதி விடைக்குக் கீழே அலகு போட்டு, கோடு இழுத்து முடிக்கட்டும். ஒரு மாதம் போதும்.

நான்காம் படி: உடம்பைக் கேளுங்கள்

5:30க்கு பெல். அதன் பிறகு டீ, பி.டி., குளியல், காலை உணவு, அசெம்ப்ளி, வகுப்பு, மதியம் கொஞ்சம் ஓய்வு, விளையாட்டு, ப்ரெப், இரவு உணவு. விளக்கணைக்க 9:30 ஆகும், சில இடங்களில் 10. நேரம் பள்ளிக்குப் பள்ளி சற்று மாறும். எப்படிக் கூட்டினாலும் தூக்கம் எட்டு மணி நேரத்தைத் தாண்டாது. பதினொரு வயதுக்கு வேண்டியது ஒன்பதுக்குக் குறையாமல். எனவே பின்தங்கும் பிள்ளைக்கு 'விளக்கணைத்த பிறகு டார்ச் அடித்துப் படி' என்று சொல்லும் அப்பாக்கள் கடனை வட்டிக்கு வாங்கித் தருகிறார்கள். மறுநாள் மூன்றாவது பீரியடில் அவன் தலை தொங்கும். மதிய ஓய்வில் கட்டாயம் தூங்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் எக்ஸ்ட்ரா கிளாஸ் வைக்கும் ஆசிரியர்களிடமும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஓட்டத்தில் கடைசியில் வரும் பிள்ளை, படிக்கட்டில் மூச்சு வாங்கும் பிள்ளை, எப்போதும் சோர்வாக இருக்கும் பிள்ளைக்கு எம்.ஐ. ரூமில், அதாவது பள்ளி மருத்துவ அறையில், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். குடற்புழு மாத்திரை எப்போது போட்டார்கள் என்று வீட்டில் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். 2021-22 கல்வியாண்டிலிருந்து எல்லா சைனிக் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்பில் பெண்களைச் சேர்க்கிறார்கள். ஆனால் எண்ணிக்கை குறைவு. மாதவிடாய் நாளில் பி.டி.யிலிருந்து விலக்குக் கேட்க ஆண் ஆசிரியரிடம் போய் நிற்க வேண்டும் என்றால் பிள்ளை கேட்காது, ஓடி மயங்கி விழும். விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரனிடம் ஒரு தலையசைப்பில் முடியும் ஏற்பாடு இருக்கிறதா என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஷூவையும் பாருங்கள். ஒரு சைஸ் பெரிதாக, 'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்று வாங்கிக் கொடுத்த ஷூவால் குதிகால் தோல் உரிந்து, அதைச் சொல்லப் பயந்து, பரேடில் தடம் தப்பி, அதற்குத் தண்டனை வாங்கிய பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். சாக்ஸைக் கழற்றியபோதுதான் தெரிந்தது.

ஐந்தாம் படி: ஞாயிற்றுக்கிழமை ஃபோன்

"அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்கப்பா." முதல் பருவத்தில் இந்த வாக்கியம் வராத வீடு குறைவு. வீட்டு ஏக்கம் எப்போது கூடும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது: ஞாயிறு சாயங்காலம், பெற்றோர் வந்து போன மறுநாள், விடுமுறை முடிந்து திரும்பிய முதல் வாரம். அந்த நாட்களில் வரும் அழுகையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஆனால் அடக்கவும் செய்யாதீர்கள். "ஆம்பளப் பிள்ளை அழுவானா", "மிலிட்டரிக்காரன் மகன் நீ", "ஊரே உன்னப் பார்த்துட்டு இருக்கு" இந்த மூன்றையும் சொன்னால் அடுத்த வாரம் பிள்ளை எதுவும் சொல்லாது. நீங்கள் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். "மார்க் எவ்வளவு" என்பதும் முதல் கேள்வியாக வேண்டாம். கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் பேசுவதை ஒட்டுக்கேட்டிருக்கிறேன். "சாமி, இன்னிக்கு மெஸ்ஸுல என்ன போட்டாங்க? ஆரு பக்கத்துல உக்காந்த?" சாப்பாட்டில் தொடங்கி, பக்கத்தில் உட்கார்ந்தவன் பெயருக்கு வந்து, அவனோடு சண்டை வந்த கதைக்கு வந்து, கடைசியில் கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கியது வரை பத்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. எந்தக் கவுன்சிலிங் படிப்பும் இல்லாத அம்மா.

கூட்டிப் போகச் சொன்னால் உடனே முடியும், முடியாது என்று சொல்லாமல் தேதி சொல்லுங்கள். "தீபாவளி லீவுக்கு வா. வந்து நாலு நாள் கழிச்சு உட்காந்து பேசுவோம். அப்பவும் வேண்டாம்னா யோசிப்போம்." சொன்னபடி அந்த நான்காம் நாள் பேசவும் வேண்டும். பேசாமல் பஸ் ஏற்றிவிட்டால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

ஆறாம் படி: ஹவுஸ் மாஸ்டர் செய்ய வேண்டியது

இது என் கூட்டத்துக்கு. மார்க் குறைந்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதை நிறுத்துங்கள். ஓடியவன் ப்ரெப்பில் தூங்குவான், தூங்கியதற்கு மறுபடி ஓடுவான். படிப்புக் குறைக்கு உடல் தண்டனை பயிற்சியே அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது.

இரண்டாவது, ஹவுஸ் பாயிண்ட். கோப்பைக்கான போட்டியில் ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் ஓட்டமும் ஹவுஸ் கணக்கில் ஏறுகிறது. உங்களால்தான் கோப்பை போயிற்று என்று சின்னப் பிள்ளைகளை இரவில் வரிசையாக நிற்க வைக்கும் ஹவுஸ் கேப்டன்கள் இல்லாத பள்ளி எனக்குத் தெரியாது. அதற்கு நான் கண்ட மருந்து, பின்தங்கும் பிள்ளைக்கு ஹவுஸுக்காகச் செய்ய வேறொன்று கொடுப்பது. பேண்டில் சைட் டிரம், நோட்டீஸ் போர்டு, கால்பந்துக்குக் காற்றடித்து வைக்கும் பொறுப்பு, எதுவானாலும் சரி. அது அவனுடையது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

மூன்றாவது, விளக்கணைத்து இருபது நிமிடம் கழித்து வாரத்தில் ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், டார்மிட்டரிக்குள் நடந்து வாருங்கள். பகலில் தெரியாதது அப்போது தெரியும்.

ஏழாம் படி: காத்திருக்கக் கூடாத நேரம்

மேலே சொன்ன பொறுமையெல்லாம் கீழே வருவதற்குப் பொருந்தாது. புதிதாகப் படுக்கையில் சிறுநீர் போவது, சாப்பாட்டை விடுவது, காரணம் சொல்லாத காயம், குறிப்பிட்ட ஒருவர் பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றுவது, குளிக்கவோ உடை மாற்றவோ பயப்படுவது, 'நான் இல்லாம இருந்தா நல்லது' என்கிற மாதிரிப் பேச்சு. இதில் எது வந்தாலும் அன்றே கிளம்புங்கள். பிள்ளையைத் தனியாக வெளியே கூட்டிப்போய் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, கேட்காமல் உட்காருங்கள். பிறகு முதல்வரிடம் எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பாலியல் தொந்தரவு என்றால் பள்ளி விசாரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. போக்சோ சட்டப்படி நேராகக் காவல்துறைக்குப் போகலாம். குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

எட்டாம் படி: எட்டு, ஒன்பது, பத்து

எட்டாம் வகுப்பில் இப்போது ஃபெயில் உண்டு. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியதால் ஐந்திலும் எட்டிலும் மத்திய அரசுப் பள்ளிகளில் நிறுத்தி வைக்கலாம், சைனிக் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் கூடுதல் பயிற்சி தந்து மறுதேர்வு வைக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தை எப்படிச் செலவிடப் போகிறார்கள் என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்பது பெற்றோரின் வேலை.

ஒன்பதில் புதிதாக வருபவனுக்கு ஆங்கிலம் தெரியும். அவனுக்குத் தெரியாதது, மூன்று வருடமாக ஒன்றாகக் கிடந்த கூட்டத்துக்குள் எப்படி நுழைவது என்பது. உயரத்தில் சீனியர், அனுபவத்தில் ஜூனியர். பரேடில் பதினொரு வயதுப் பையன் திருத்துவான், அது உறுத்தும். இவனுக்கு ட்யூஷன் எதுவும் வேண்டாம். ஒரு விளையாட்டு அணியில் இடம் கிடைத்தால் பாதி தீர்ந்தது.

பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒன்றை நேர்மையாகப் பார்த்துவிடுங்கள். சைனிக் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு பெரும்பாலும் அறிவியல் பிரிவுதான். வரலாற்றிலும் மொழியிலும் பிரகாசிக்கும் பிள்ளையை இயற்பியலில் இரண்டு வருடம் தடுமாற விடுவது யாருக்கும் லாபமில்லை. ராணுவக் கனவு அதோடு போய்விடாது. என்.டி.ஏ.வின் தரைப்படைப் பிரிவுக்கு எந்தப் பாடப்பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் விண்ணப்பிக்கலாம், கடற்படைக்கும் விமானப்படைக்கும்தான் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் கட்டாயம். எழுத்துத் தேர்வுக்கு 900, எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு 900 என்று மதிப்பெண் சரிபாதி. பட்டம் முடித்து, சி.டி.எஸ். என்னும் ராணுவ அதிகாரித் தேர்வு எழுதி, சென்னைப் பரங்கிமலை பயிற்சி அகாடமி வழியாக அதிகாரி ஆனவர்களில் சைனிக் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள் எத்தனையோ பேர்.

கடைசிப் படி: வெளியே எடுப்பதாக இருந்தால்

மொழிக்கு ஆறு வாரம் கொடுத்தாயிற்று, கண் பார்த்தாயிற்று, தூக்கம் சரிசெய்தாயிற்று, ஒரு முழு வருடமும் ஆயிற்று. பிள்ளை இன்னும் ஒவ்வொரு விடுமுறை முடிவிலும் காய்ச்சலில் விழுகிறது என்றால் எடுத்துவிடுங்கள். வருட நடுவில் எடுப்பதைவிட ஆண்டுத் தேர்வு முடிந்து எடுப்பது நல்லது, ஏழாம் படியில் சொன்ன நிலைமை தவிர. சேர்க்கும்போது கையெழுத்துப் போட்ட பத்திரத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். முன்னறிவிப்புக் காலம், காப்புத்தொகை திரும்பக் கிடைப்பது, உதவித்தொகை வாங்கியிருந்தால் அதற்கான நிபந்தனை எல்லாம் அதில் இருக்கும். டி.சி. கேட்கும் முன் அடுத்த பள்ளியில் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். சி.பி.எஸ்.இ.யிலிருந்து மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாறுவதாக இருந்தால் ஒன்பதாம் வகுப்புக்கு முன் மாறுவது சுலபம்.

எடுக்கும் முடிவைப் பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள், பள்ளி அலுவலகத்தில் வைத்து அல்ல. சொந்தக்காரர்களிடம் என்ன சொல்லப் போகிறோம் என்பதையும் வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் கல்யாண வீட்டிலேயே யாராவது அவனிடம் நேராகக் கேட்பார்கள். டிரங்குப் பெட்டியை அவனே அடுக்கட்டும். நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு முழு சாயங்காலம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் சில நாட்கள் 5:30க்கே எழுந்துவிடுவான். எழுந்து போர்வையை மூலை பிடித்து மடித்து, ஷூவைக் கட்டிலுக்குக் கீழே நேராக வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டுப் போங்கள். அந்த வாரம் புத்தகத்தைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.